வராத குறுக்கீடுகள்: ஒரே டிரைவரை மூன்று செயலிகளில் ஓடவைத்த பதிவு

கையில் இருந்தது எஃப்பிஜிஏவுக்குள் (உள் சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சில்லு) அமைந்த ஒரு சிறிய அளவீட்டுக் கூறு. எட்டு அனலாக் உள்ளீடுகளை நொடிக்கு மொத்தம் 10,000 மாதிரிகள் என்ற வேகத்தில் எடுத்து, 512 சொற்கள் கொள்ளும் ஒரு ஃபைஃபோவில் (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை நினைவகம்) அடுக்கி, அது பாதி நிறைந்ததும் செயலிக்கு ஒரு குறுக்கீடு, அதாவது ‘வந்து கவனி’ என்ற சைகை, அனுப்புவதுதான் அதன் வேலை. இதே கூறு மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது ஸிங்க்-7000 சில்லில், இரட்டை கார்ட்டெக்ஸ்-ஏ9 ஆர்ம் செயலிகளோடு. இரண்டாவது ஒரு மலிவான எஃப்பிஜிஏ பலகையில், எஃப்பிஜிஏவுக்குள்ளேயே சுற்றாக அமைத்த ரிஸ்க்-ஃபைவ் மென்செயலியோடு. மூன்றாவது சாதாரண எக்ஸ்86 கணினியில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையில். கூறை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர் மட்டும் ஒன்றுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஆர்ம் பலகை ஒன்றுக்காக வேறொருவர் எழுதி, பின்னர் பலர் கைபட்டு வந்தது. அதை மூன்றிலும் ஓடவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மூன்றிலுமே மாதிரிகள் வரவில்லை. காரணம்தான் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது.

ரிஸ்க்-ஃபைவ் பலகையில் டிரைவர் ஏறும்போதே மைனஸ் 22 என்ற பிழையோடு நின்றது. எக்ஸ்86-இல் மைனஸ் 16 வந்தது. கூடவே, 0 எண்ணுள்ள குறுக்கீட்டில் கொடிகள் (பதிவு செய்யும்போது கேட்கும் விருப்பங்கள்) பொருந்தவில்லை என்றும், நம் டிரைவர் கேட்டது 00000080, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ‘டைமர்’ வைத்திருப்பது 00015ஏ00 என்றும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவில் ஒரு வரி. ஆர்ம் பலகையில் பிழையே இல்லை. டிரைவர் அமைதியாக ஏறிக்கொண்டது. குறுக்கீடுகளை எண்ணிக் காட்டும் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் அதன் பெயரும் இருந்தது. எண்ணிக்கை மட்டும் இரண்டு செயலிகளிலும் 0-விலேயே நின்றது. பிழை சொல்லி நிற்கும் முதல் இரண்டையும் விட, ஒன்றும் சொல்லாமல் சும்மா இருக்கும் மூன்றாவதுதான் மோசமானது.

பூஜ்யமா, மைனஸ் ஒன்றா

‘இந்தச் சாதனத்துக்குக் குறுக்கீடு இல்லை’ என்பதை எந்த எண்ணால் குறிப்பது என்பதற்கு லினக்ஸில் நெடுங்காலம் ஒரே விடை இருக்கவில்லை. ஆர்ம் பகுதியில் நோ-ஐஆர்க்யூ (ஐஆர்க்யூ என்றால் குறுக்கீட்டுக் கோரிக்கை) என்ற மாறிலி மைனஸ் 1 என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பவர்பிசி செயலிகளுக்கான பகுதியில் அதே மாறிலி 0. எக்ஸ்86-இல் அந்த மாறிலியே கிடையாது. 0 என்பது வன்பொருளில் உண்மையான ஓர் எண்ணாக இருக்கும்போது அதை எப்படி ‘இல்லை’ என்பதற்குப் பயன்படுத்துவது என்று ஆர்ம் தரப்பினர் கேட்டதில் நியாயம் இருந்தது. எக்ஸ்86 கணினியிலும் 0 உண்மையான எண்தான்: பழைய 8254 டைமரின் குறுக்கீடு அதில்தான் வருகிறது. ஆனால் அந்த டைமரைக் கெர்னலின் கட்டமைப்புப் பகுதியே நேரடியாகக் கையாள்கிறது. சாதாரண டிரைவர் எதுவும் அந்த 0-வைக் கண்ணால் காண்பதில்லை. ஆகவே டிரைவர்களைப் பொறுத்தவரை 0 என்றால் இல்லை என்றே பொருள் என்பது 2000-களின் நடுவிலேயே லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எடுத்த நிலை. சீரியல் போர்ட்டுகளில் இந்த வழக்கம் அதற்கும் முந்தையது. செட்சீரியல் கட்டளையில் குறுக்கீட்டு எண்ணை 0 என்று கொடுத்தால், டிரைவர் குறுக்கீட்டை விட்டுவிட்டுத் தானே போய்ப் பார்க்கும் போலிங் முறைக்கு மாறிவிடும்.

வன்பொருளின் 0 என்ன ஆவது என்ற கேள்விக்குப் பவர்பிசியில் பிறந்து பின்னர் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொதுவான ஐஆர்க்யூ டொமைன் முறை விடை சொன்னது. குறுக்கீடுகளைத் திரட்டிச் செயலிக்கு அனுப்பும் கன்ட்ரோலரிலுள்ள எண் ஒன்று, லினக்ஸ் டிரைவருக்குத் தரும் எண் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டவணை. வன்பொருளில் 0-ஆக இருப்பது லினக்ஸில் 17-ஆகவோ 46-ஆகவோ இருக்கலாம், 0-ஆக மட்டும் இருக்காது. ரிஸ்க்-ஃபைவின் பிளிக் கன்ட்ரோலரில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே 0 எண்ணுள்ள மூலம் ‘எதுவும் இல்லை’ என்பதற்காகவே விதிக்குறிப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த வரலாற்றின் ஒவ்வோர் அடுக்கும் நம் டிரைவரில் படிந்திருந்தது. ரிஸ்க்-ஃபைவில் தொகுக்கும்போது நோ-ஐஆர்க்யூ வரையறுக்கப்படவில்லை என்று கம்பைலர் சொல்ல, யாரோ ஒருவர் கோப்பின் தலைப்பகுதியில் அதை மைனஸ் 1 என்று தாமே வரையறுத்துவிட்டிருந்தார். டிரைவர் அழைத்ததோ, பலகையில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயைப் படித்துக் குறுக்கீட்டு எண் தரும் பழைய செயற்கூறை. எண் கிடைக்காவிட்டால் அது 0-வைத்தான் திருப்பும், மைனஸ் 1-ஐ ஒருபோதும் திருப்பாது. அந்த மலிவுப் பலகையின் முதல் பதிப்பில் கூறின் குறுக்கீட்டுக் கம்பி செயலியோடு இணைக்கப்படவே இல்லை. டிவைஸ் ட்ரீயிலும் அதற்கான வரி இல்லை. ஆக 0 வந்தது, மைனஸ் 1 அல்ல என்பதால் சோதனையைத் தாண்டியது, 0-வுக்கே குறுக்கீட்டைப் பதிவு செய்யப் போனது, அப்படியோர் எண் கிடையாது என்று கெர்னல் மைனஸ் 22-ஐத் திருப்பியது.

எக்ஸ்86-இல் கதை இன்னும் சற்றுச் சுற்றியது. அட்டையின் எஃப்பிஜிஏ வடிவமைப்பு எம்எஸ்ஐ (தனிக் கம்பிக்குப் பதில் செய்தியாக அனுப்பும்) முறைக் குறுக்கீட்டை மட்டுமே தரும். பழைய முறைக் கம்பிக் குறுக்கீட்டுக்கான பின் எண்ணைச் சொல்லும் பிசிஐ ரெஜிஸ்டரில் (சாதனத்துக்குள் உள்ள சிறு நினைவிடம்) 0 என்று எழுதியிருந்தது. அப்படி இருந்தால் லினக்ஸ் அந்தச் சாதனத்தின் குறுக்கீட்டு எண்ணை 0 என்றே வைக்கும். பழைய டிரைவரில் எம்எஸ்ஐ கேட்கும் அழைப்பே இல்லாததால் அந்த 0-வை எடுத்துக்கொண்டு நேராகக் கணினியின் டைமரோடு இடத்தைப் பங்குபோடப் போயிற்று. பதிவில் வந்த 80 என்பது பங்கிடலுக்கான கொடி. அந்தக் கொடி இல்லாத டைமர் இடம் தர மறுத்ததுதான் மைனஸ் 16. மூன்றாவதாக ஒரு மரபும் உண்டு. எக்ஸ்86-இல் பிசிஐ குறுக்கீட்டு வரி ரெஜிஸ்டரில் 255 இருந்தால் இணைப்பு இல்லை அல்லது தெரியாது என்று பொருள். அந்த நிலையைக் குறிக்க 2-இன் 31ஆம் அடுக்கான ஒரு பெரிய எண்ணைக் கெர்னல் தனியே வைத்திருக்கிறது. அதைப் பதிவு செய்யப் போனால் மைனஸ் 107 கிடைக்கும்.

மாறியின் வகையும் சேர்ந்துகொண்டால் குழப்பம் முழுமையாகும். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ என்ற மற்றொரு செயற்கூறு தோல்வியை எதிர்ம எண்ணாகத் திருப்புகிறது. அதைக் குறியற்ற முழு எண் மாறியில் வாங்கிக்கொண்டு ‘0-வை விடச் சிறியதா’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடை என்றைக்கும் வராது. அந்நியர் எழுதிய டிரைவர் எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இல்லாமையும் பிழையும்

திருத்தத்தைக் குறுக்கீட்டு எண்ணைக் கண்டறியும் ஒரே ஒரு செயற்கூறில் தொடங்கினேன். அது குறியுள்ள முழு எண்ணில்தான் பேசும். நேர்ம எண் என்றால் குறுக்கீடு உண்டு. 0 என்றால் இல்லை, போலிங்குக்குப் போகலாம். எதிர்ம எண் என்றால் பிழை, டிரைவர் ஏறக்கூடாது. பிசிஐ, டிவைஸ் ட்ரீ ஆகிய இரண்டின் மரபுகளும் இந்தச் செயற்கூறுக்குள்ளேயே மொழிபெயர்க்கப்பட்டுவிடும். வெளியே உள்ள எந்த வரிக்கும் நோ-ஐஆர்க்யூ என்ற பெயர் தெரியவேண்டியதில்லை.

இதில் கவனமாகச் செய்யவேண்டிய பிரிப்பு ஒன்று உண்டு. குறுக்கீடு விருப்பத்துக்குரியது என்று முடிவானதும், கிடைக்காத எதையும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். பல டிரைவர்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மைனஸ் 6 வந்தால்தான் வரியே இல்லை என்று பொருள். மைனஸ் 517 வந்தால் குறுக்கீட்டுக் கன்ட்ரோலரின் டிரைவர் இன்னும் ஏறவில்லை, பிறகு வா என்று பொருள். அதையும் ‘இல்லை’ என்று விழுங்கிவிட்டால், இயங்குதளம் ஏறும் வரிசையில் ஏற்படும் சிறு மாற்றத்தைப் பொறுத்து ஒரே பலகை ஒருநாள் குறுக்கீட்டோடும் மறுநாள் போலிங்கோடும் ஓடும். யாரும் புகார் சொல்லமாட்டார்கள், மின்சாரமும் செயலி நேரமும் வீணாகிக்கொண்டிருக்கும். எனவே மைனஸ் 6 மட்டும் 0-ஆக மாறும். மற்ற எதிர்ம எண்கள் அப்படியே மேலே போகும். 8250 சீரியல் டிரைவரின் டிவைஸ் ட்ரீப் பகுதியும் 517-ஐத் தனியே பிரித்து மேலே அனுப்பிவிட்டு, பிறகுதான் குறுக்கீடு கட்டாயமல்ல என்று 0 வைக்கிறது.

இந்தப் பாதையைச் சோதிக்கப் பலகையே தேவையில்லை. கணினியையே மென்பொருளில் போலிசெய்யும் கியூஎமுவின் ரிஸ்க்-ஃபைவ் ‘விர்ட்’ இயந்திரத்தில் சீரியல் போர்ட்டின் குறுக்கீட்டு எண் 10. அந்த இயந்திரத்தின் டிவைஸ் ட்ரீயைக் கோப்பாக எடுத்து, உரைவடிவத்துக்கு மாற்றி, சீரியல் போர்ட்டின் குறுக்கீட்டு வரியை மட்டும் நீக்கி, மறுபடி தொகுத்துக் கொடுத்தால், கெர்னல் ஏறும்போது அந்தப் போர்ட்டுக்கு நேரே குறுக்கீடு 0 என்று எழுதும்; ஆனாலும் முனையத்தில் தட்டச்சு செய்தால் வேலை செய்யும். டைமரை வைத்து 8250 டிரைவர் தானே போய்ப் பார்க்கிறது. நம் கூறின் போலிங் பாதையை எழுதுமுன் இதை ஓட்டிப் பார்த்தது, எந்த இடத்தில் அது உடையும் என்பதையும் காட்டியது. நிஜமான 16550ஏ சில்லில் ஃபைஃபோ 16 பைட்டுகள். 115200 வேகத்தில் அது நிரம்ப 1.4 மில்லி நொடி போதும். டைமர் துடிப்பு நொடிக்கு 100 என்று அமைந்த கெர்னலில் இந்தப் போலிங் 10 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் நடக்கும். மனிதர் தட்டினால் ஒன்றும் இழக்காது. பெரிய உரை ஒன்றை ஒட்டினால் எழுத்துகள் உதிரும். ‘போலிங்கில் ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால் எந்த வேகத்தில் என்று கேட்கவேண்டும்.

நம் கூறுக்கு அந்தக் கணக்கு தாராளமானது. நொடிக்கு 10,000 மாதிரிகள், 512 இடங்கள். முழுதும் நிரம்ப 51.2 மில்லி நொடி, பாதி நிரம்ப 25.6. பத்து மில்லி நொடிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் சுமார் நூறு சொற்கள் இருக்கும். அதை ஒர்க்-க்யூவில் (கெர்னல் பின்னர் செய்யும் வேலைகளின் வரிசை) வைக்கலாமா டைமரில் வைக்கலாமா என்று யோசித்து டைமரையே தேர்ந்தேன். ஒற்றை மென்செயலி, அதில் வேறு வேலைகள் நெருக்கும்போது ஒர்க்-க்யூ 40 மில்லி நொடி தாமதிப்பது நடக்காத காரியமல்ல.

இருக்கும், ஆனால் வராது

இனி ஆர்ம் பலகை. கூறின் நிலை ரெஜிஸ்டரை நினைவகம் வழியே நேரடியாக வாசித்தபோது ‘பாதி நிறைந்தது’ என்ற பிட் எழுந்தே இருந்தது. அதாவது கூறு தன் கம்பியை உயர்த்திக்கொண்டுதான் இருந்தது. /ப்ராக்/இன்டரப்ட்ஸ் வரியை மறுபடி படித்தால், லினக்ஸ் தந்த எண்ணுக்கு அருகே ஆர்மின் குறுக்கீட்டுக் கன்ட்ரோலரான ஜிக்கின் எண்ணாக 93 என்று இருந்தது. ஸிங்க்-7000 ஆவணத்தில், எஃப்பிஜிஏ பகுதியிலிருந்து வரும் முதல் எட்டுக் குறுக்கீடுகளின் எண்கள் 61 முதல் 68 வரை, அடுத்த எட்டு 84 முதல் 91 வரை. 93 எங்கிருந்து வந்தது? 61-ஓடு 32-ஐக் கூட்டினால் 93.

ஜிக்கில் முதல் 32 எண்கள் செயலிகளுக்கு உள்ளேயே பயன்படுபவை. பொதுச் சாதனங்களின் எண்கள் 32-இலிருந்து தொடங்கும். டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்தின் குறுக்கீட்டை மூன்று எண்களாக எழுதவேண்டும்: முதலாவது வகை, இரண்டாவது அந்த வகைக்குள் வரிசை, மூன்றாவது தூண்டும் விதம். பொதுச் சாதன வகைக்கு முதல் எண் 0. அப்போது இரண்டாவது எண் 32 கழிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். ஆவணத்தில் 61 என்று இருப்பதை 29 என்று எழுதவேண்டிய இடத்தில் 61 என்றே எழுதியிருந்தார்கள். 93-இல் எந்தச் சாதனமும் இல்லை. ஆனாலும் கன்ட்ரோலரின் எல்லைக்குள் இருப்பதால் கெர்னல் மறுக்காமல் பதிவு செய்துகொண்டது. உறுதி செய்துகொள்ள ஜிக்கின் ‘நிலுவை’ ரெஜிஸ்டர்களை வாசித்தேன். இரண்டாவது சொல்லில் 29ஆம் பிட் 1-ஆக நின்றது. 32-உம் 29-உம் 61. குறுக்கீடு கன்ட்ரோலரின் வாசல் வரை வந்து, யாரும் கேட்காத எண்ணில் காத்துக்கொண்டிருந்தது. பதிவு செய்யாத குறுக்கீடுகூட நிலுவையில் தெரியும் என்பதால் இந்தச் சோதனை இத்தகைய இடங்களில் மிகவும் உதவும். கம்பியில் கோளாறா எண்ணில் கோளாறா என்பதை ஒரே வாசிப்பில் பிரித்துவிடும்.

எண்ணைத் திருத்தியதும் ஆர்ம் பலகை ஓடத் தொடங்கியது. அதே டிரைவரை எம்எஸ்ஐ கேட்கும்படி மாற்றி எக்ஸ்86-இல் ஏற்றினால், சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு ஒரேயடியாக நின்றது. வெளித் தூண்டல் உள்ளீட்டைப் பயன்படுத்தாமல் ஓட்டினால் நிற்கவில்லை. இந்த ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது.

கூறின் நிலை ரெஜிஸ்டரில் இரண்டு பிட்டுகள்: பாதி நிறைந்தது ஒன்று, வெளித் தூண்டல் வந்தது மற்றொன்று. இரண்டில் எது எழுந்தாலும் கம்பி உயரும். பழைய கையாளுநர் (குறுக்கீடு வந்ததும் ஓடும் செயற்கூறு) முதலில் நிலையை வாசிக்கும், பிறகு ஃபைஃபோவைக் காலி செய்யும், கடைசியில் தான் கண்ட பிட்டைத் துடைக்கும். இடையில் மற்ற பிட் எழுந்தால் கம்பி தாழவே செய்யாது. ஆர்ம் பலகையில் ஜிக் மட்டம் பார்க்கிறது. கம்பி உயர்ந்தே இருந்தால் கையாளுநர் முடிந்தவுடன் மறுபடி அழைக்கும், பிட் துடைக்கப்படும், யாருக்கும் எதுவும் தெரியாது. எம்எஸ்ஐயிலோ, கம்பி 0-விலிருந்து 1-க்கு ஏறும் கணத்தில் ஒரு செய்தி போகும், அவ்வளவுதான். வாசலில் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை எப்போது வந்தும் பார்க்கலாம். ஒருமுறை அடித்து ஓய்ந்த மணியை அப்படிப் பார்க்கமுடியாது. தாழாத கம்பிக்கு இரண்டாவது ஏற்றம் இல்லை, ஏற்றம் இல்லாததால் செய்தி இல்லை, செய்தி இல்லாததால் கையாளுநர் ஓடிப் பிட்டைத் துடைக்கும் வழியும் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே ஒரு ரெஜிஸ்டரை வாசிக்க ஒரு மைக்ரோ நொடிக்குக் குறையாமல் ஆகும். 256 சொற்களுக்குக் கால் மில்லி நொடி. ஒவ்வொரு 25.6 மில்லி நொடியிலும் நூற்றில் ஒரு பங்கு நேரம் இந்தப் பொறி திறந்தே இருக்கிறது. அட்டவணையில்லாமல் வரும் தூண்டல்கள் அதில் விழ அதிக நேரம் பிடிக்காது.

இதற்குள் மலிவுப் பலகையின் அடுத்த பதிப்பு வந்தது. அதில் குறுக்கீட்டுக் கம்பி பிளிக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. காலி செய்யும் வேலை நீளமானது என்பதால் அந்த மென்செயலியில் தனி இழையாக ஓடும் திரெட் முறைக் கையாளுநரை, வேலை முடியும்வரை கெர்னலே குறுக்கீட்டை மறைத்து வைக்கும் ‘ஒன்ஷாட்’ கொடியோடு பதிவு செய்திருந்தார்கள். முதல் குறுக்கீடு வந்தது. இரண்டாவது வரவே இல்லை. எத்தனை முறை ஏற்றினாலும் எண்ணிக்கை சரியாக 1.

பிளிக்கில் குறுக்கீட்டைப் பெறுவதற்கும் முடித்துவைப்பதற்கும் ஒரே ரெஜிஸ்டர். வாசித்தால் எண் கிடைக்கும். வேலை முடிந்ததும் அதே எண்ணைத் திருப்பி எழுதவேண்டும். எழுதும்வரை அந்த மூலத்திலிருந்து அடுத்த குறுக்கீடு உள்ளே விடப்படாது. விதிக்குறிப்பில் ஒரு சிறு வாசகம் இருக்கிறது: திருப்பி எழுதும் எண், அந்தச் செயலிக்கு அப்போது இயக்கப்பட்டிருக்கும் மூலத்தினுடையதாக இல்லாவிட்டால் அந்த எழுத்து சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும். ஒன்ஷாட் முறையில் கெர்னல் முதலில் மறைக்கிறது, அதாவது இயக்கத்தை அணைக்கிறது. மறைத்த நிலையிலேயே முடிப்பு எண்ணை எழுதுகிறது. பிளிக் அதைக் கண்டுகொள்வதில்லை. கதவு அதன்பின் திறப்பதில்லை. பொதுக் கெர்னலில் 2021-இல் இதற்குத் திருத்தம் வந்தது: மறைந்திருந்தால் ஒரு கணம் இயக்கி, எண்ணை எழுதி, மறுபடி அணைப்பது. பலகையோடு வந்த கெர்னல் அதற்கு முந்தையது.

கெர்னலைத் திருத்துவது சரியான வழிதான். ஆனால் எங்கள் டிரைவர் பழைய கெர்னல்களிலும் ஓடவேண்டியிருந்தது. எம்எஸ்ஐ சிக்கலுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த திருத்தமே இதையும் தீர்த்தது. கையாளுநரை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி நிலை ரெஜிஸ்டரைப் பார்க்கும். நம்முடையது இல்லையென்றால் இல்லையென்று திரும்பும். நம்முடையது என்றால் கூறின் சொந்த இயக்க ரெஜிஸ்டரில் 0 எழுதிவிட்டுத் திரெட்டை எழுப்பும். திரெட் முதலில் கண்ட பிட்டுகளைத் துடைக்கும், பிறகு ஃபைஃபோவைக் காலி செய்யும், கடைசியில் இயக்க ரெஜிஸ்டரை மறுபடி திறக்கும். மறைப்பது கூறின் உள்ளேயே நடப்பதால் ஒன்ஷாட் தேவையில்லை. பிளிக்கின் இயக்க பிட் அணையாததால் முடிப்பு எழுத்து ஏற்றுக்கொள்ளப்படும். திறக்கும் கணத்தில் ஏதாவது பிட் எழுந்திருந்தால் கம்பி 0-விலிருந்து 1-க்கு ஏறும், எம்எஸ்ஐ புதிதாகப் பிறக்கும். மட்டம் பார்க்கும் ஜிக்குக்கு இதனால் லாபமுமில்லை நட்டமுமில்லை. கட்டமைப்பு எது என்று கேட்கும் ஒரு நிபந்தனைகூட இல்லாமல் மூன்றிலும் அதே வரிகள் ஓடின.

முதல் பகுதியில் 0 எழுதியபின் இயக்க ரெஜிஸ்டரை ஒருமுறை திருப்பி வாசிக்கிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸில் எழுத்து உடனே போய்ச் சேர்ந்துவிடாது, வாசிப்புதான் அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். கம்பி முறைக் குறுக்கீட்டில் இந்த வாசிப்பு இல்லாவிட்டால், தாழாத கம்பி மறுபடி மறுபடி அழைத்து, 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராதபோது அந்த எண்ணையே கெர்னல் மூடிவிடும்.

பின்னால் நிற்கும் டைமர்

இவ்வளவுக்குப் பிறகும் குறுக்கீடு வராமல் போக வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும். பெரிய டிரைவர்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. என்விஎம்இ சேமிப்பகங்களின் டிரைவர் காலக்கெடு தாண்டிய ஒரு கோரிக்கையைக் கைவிடுமுன் முடிவு வரிசையைத் தானே ஒருமுறை எட்டிப் பார்க்கும். வேலை முடிந்திருந்தால், போலிங்கில் முடிவு கிடைத்தது என்று பதிவில் எழுதிவிட்டுத் தொடரும். 8250-இல் கோளாறான சில்லுகளுக்கென்று துணை டைமர் இருக்கிறது. சைஃபைவின் எஃப்யூ540 சில்லிலுள்ள ஐ2சி கன்ட்ரோலருக்கு, குறுக்கீடு பழுது என்று ஒரு கொடியே வைத்து, கம்பி இருந்தும் போலிங்கில் ஓட்டுகிறார்கள்.

போலிங்குக்காக எழுதிய டைமரையே குறுக்கீட்டு முறையில் காவலாக வைத்தேன். காலி செய்யும் செயற்கூறு ஒன்றுதான், ஸ்பின்லாக் என்ற பூட்டுக்கு உள்ளே. திரெட்டும் அதைத்தான் அழைக்கும், டைமரும் அதைத்தான் அழைக்கும். ஒவ்வொரு குறுக்கீடும் டைமரை 30 மில்லி நொடி தள்ளிவைக்கும். துடிப்பு 100 உள்ள கெர்னலில் 30 கேட்டால் 40 வரைகூடப் போகலாம், 51.2-க்கு இன்னும் இடமிருக்கிறது.

டைமர் ஓடிவிட்டால் குறுக்கீடு தொலைந்தது என்று உடனே எண்ணக்கூடாது. நிலை பிட் எழுந்து, இயக்க ரெஜிஸ்டர் இன்னும் 1-ஆக இருந்தால்தான் கையாளுநரின் முதல் பகுதி ஓடவே இல்லை, குறுக்கீடு உண்மையிலேயே தொலைந்தது. இயக்க ரெஜிஸ்டர் 0 என்றால் குறுக்கீடு வந்துவிட்டது, திரெட்டுக்குத்தான் செயலி கிடைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே எண்ணி பிழை தேட உதவும் டீபக்எஃப்எஸ் கோப்பில் காட்டுகிறேன். இந்தக் கணக்கு இல்லாமல் காவல் டைமர் மட்டும் இருந்திருந்தால், ஆர்ம் பலகையின் 93 இன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும்; மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் தாமதமாக. தொடர்ந்து மூன்று முறை உண்மையாகத் தொலைந்தால் டிரைவர் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு முழுப் போலிங்குக்கு மாறிக்கொள்ளும். அப்படித் தானாக மாறுவது சரியா என்பதில் எனக்கு அரைமனதுதான். ஆனால் அளவீடு நடுவில் அறுபடுவதை விட இது மேல் என்று பயன்படுத்துவோர் சொன்னார்கள்.

காவலைச் சோதிக்க, குறுக்கீடு வந்தும் கையாளுநரைச் சும்மா திரும்பச் சொல்வது பயன்படாது; மட்டம் பார்க்கும் கன்ட்ரோலர் உடனே மறுபடி அழைக்கும். கன்ட்ரோலருக்கும் கூறுக்கும் நடுவே துண்டிக்கவேண்டும். எஃப்பிஜிஏவில் கம்பியின் மேல் ஒரு ஆண்ட் கேட் வைத்து, அதை மென்பொருளால் மூடும்படி செய்தபோது மூன்று பலகைகளிலும் மாதிரி எதுவும் இழக்காமல் காவல் ஏற்றுக்கொண்டது.

கடைசியாக டிரைவரை இறக்கும் பாதை. பழைய குறியீடு குறுக்கீடு இருந்ததா என்று கேட்காமலே அதை விடுவிக்கும். போலிங் பலகையில் பதிவே செய்யாத 0-வையும் விடுவிக்கப் போனது. தானே விடுவிக்கும் டெவ்எம் முறைக்கு மாற்றினால் அது தீரும். ஆனால் அங்கே வரிசை தலைகீழாகிறது. இறக்கும் செயற்கூறில் டைமரை நிறுத்திவிடுகிறோம். டெவ்எம் குறுக்கீட்டை விடுவிப்பதோ அந்தச் செயற்கூறு முடிந்த பிறகு. நடுவில் வரும் ஒரு குறுக்கீடு, நிறுத்திய டைமரை மறுபடி ஓட்டிவிடும், அது ஓடும்போது டிரைவரின் நினைவகம் இருக்காது. பங்கிடும் குறுக்கீடுகளை விடுவிக்கும்போது பொய்யாக ஒருமுறை கையாளுநரை அழைத்துப் பார்க்கும் ஒரு சோதனை வசதி கெர்னலில் உண்டு. அதை இயக்கி, டிரைவரை இறக்கி ஏற்றினால் இந்த ஓட்டை உடனே வெளிப்படும். 6.2-இலிருந்து வரும் கெர்னல்களில், நிறுத்திய டைமரை மறுபடி யாரும் ஓட்டமுடியாதபடி மூடும் அழைப்பு இருக்கிறது. பழையவற்றுக்காக, முதலில் கூறின் இயக்க ரெஜிஸ்டரை மூடி, குறுக்கீடு இருந்தால் அதைக் கையாலேயே விடுவித்து, அதன் பிறகே டைமரை நிறுத்துகிறேன். டிவைஸ் ட்ரீ விதிக்கோப்பில் குறுக்கீட்டு வரி இப்போது விருப்பத்துக்குரியது. அது இல்லாத பலகையில் டிரைவர் ஏறும்போது, குறுக்கீடு இல்லை, 10 மில்லி நொடிப் போலிங் என்று ஒரு வரி எழுதும்.